‘மண்டையை உடை’ என்று கத்தியவள் எழுதுவது

1

நேற்று பொகவந்தலாவையிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“சாந்தி, உன் மக பந்தக் குடுத்துட்டு கிரவுண்ட விட்டுப் போனதப் பத்தித்தான் தோட்டம் பூரா பேச்சு. லண்டன் புள்ளைக்கு நம்மாளுக கூட வெளாட அசிங்கமா இருக்காம்னு மேல் டிவிசன்காரங்க சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போனா அங்கயும் இதே கதைதான். நீயே ஏதாச்சும் சொல்லு, என்னால பதில் சொல்லி மாளல.”

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! முதலாவது, நாங்கள் லண்டனில் இல்லை. இங்கிருந்து லண்டனுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது, இன்னமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கடலைத் தாண்டினால் உங்களுக்கு எல்லாம் லண்டன்தான். இரண்டாவது, என் மகள் நிரோஷினிக்கு அசிங்கமும் இல்லை, திமிரும் இல்லை. அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால் பிள்ளைக்குத் திமிர் என்பீர்கள். சொன்னால் எங்கள் இரண்டு பேர் பேரும் கெடும்.

நிரோவிடமே கேட்டேன். “எழுதுங்கம்மா. எழுதினா எல்லாத்தையும் எழுதுங்க. பாதிய எழுதாதீங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணி வரை ஆட்களை எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. அங்கே சத்தமாகப் பேசக்கூடாது. காது கேட்காதவர்களிடமும் மெதுவாக, முகத்துக்கு நேரே குனிந்துதான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்தால் வீடும் அப்படித்தான். குசினியில் நின்று மாடியில் இருக்கிற பிள்ளையை ஒரு தடவை கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நான் பிறந்து வளர்ந்ததோ இந்த மலையில் நின்று அந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிடுகிற இடம். என் தொண்டையை என்ன செய்வது?

சனிக்கிழமை மட்டும்தான் அதற்கு விடுதலை. நிரோவுக்கு இப்போது பதினாலு வயது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் பிள்ளைகளின் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து போடுகிறாள். பெற்ற தாய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு வேகம் இந்த வட்டாரத்தில் வேறு பிள்ளைக்கு இல்லை. ஜூலையில் கவுண்டி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரும், அதற்குக் கிளப் இவள் பெயரைத்தான் கொடுக்கப்போகிறது என்று போன வருஷமே பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்றைக்கு பஸ் ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனுஷன், சீருடையைக் கூடக் கழற்றாமல் குசினியில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

மற்ற தாய் தகப்பன்மார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பந்து நன்றாக விழுந்தால் மூன்று தட்டு தட்டுவார்கள். நான் எல்லைக் கோட்டில் நின்று கத்துவேன். முதலில் தமிழில்தான் கத்தினேன். இரண்டாவது வாரமே நிரோ காரில் வைத்துச் சொன்னாள்.

“அம்மா, ப்ளீஸ், தமிழ்ல கத்தாதீங்க. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க.”

“அப்ப இங்கிலீஷ்ல கத்தவா?”

“கத்தாமயே இருக்க ஏலாதா?”

“ஏலாது.”

அவள் பெருமூச்சு விட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து நான் இங்கிலீஷில் கத்தினேன். எனக்கு விளையாட்டு இங்கிலீஷ் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் தோட்டத்தில் கத்துவதையே அப்படியே மாற்றிப் போட்டேன். “ஃபினிஷ் ஹர், நிரோ! கில் ஹர்! ப்ரேக் ஹர் ஹெட்!” ஒரு நாள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து, கொஞ்சம் நல்ல விதமாக உற்சாகப்படுத்துவோமே என்று சிரித்துக்கொண்டு சொன்னார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்துச் சாத்தலாம்போல இருக்கிறது.

3

நம் கிரவுண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளி ஆட்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் பள்ளம், அதில் பந்து போனால் அடித்தவன் அவுட், தேடி எடுத்து வருவதும் அவன்தான். மற்றப் பக்கம் மேடு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் இரண்டு பகுதிகளான மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் விளையாடும்போது அந்த மேட்டில் பெண்கள் நிற்பார்கள். பையன்கள் கீழே விளையாடுவார்கள், பெண்கள் மேலே நின்று கொலை செய்வார்கள்.

“கால ஒடிச்சுப் போடுறா!” “மண்டையப் பொளந்துட்டு வா!” “ஒரே போடு, ஆளு பொணமாப் போகணும்!” என் அம்மா ஒரு தடவை, எதிர் டிவிசனுக்கு விளையாடிய தன் சொந்தத் தம்பி மகனை “தூக்கி ஆத்துல போடுங்கடா” என்று கத்தினார். அன்று காலை அந்தப் பையனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்ததே அம்மாதான். அண்ணன் மனைவி, எங்கள் புஷ்பம் மதினி, கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து அரண்டு போனார். இப்போது அவர் வாயைத் திறந்தால் மைக் செட் தேவையில்லை.

ஆனால் இதற்கு ஒரு முடிவு உண்டு. மேட்ச் முடிந்ததும், யார் வென்றாலும் சரி, யாரைப் பார்த்து அதிகமாகக் கத்தினாயோ அவனிடம் நீயே போக வேண்டும். வாளியில் சாயம், அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணி, கையில் ரொட்டி. உன் கையாலேயே ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் உன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நீ வாய் திறக்கக்கூடாது. சில பையன்கள் வேண்டுமென்றே ஒரு கோப்பைச் சாயத்தை அரை மணி நேரம் குடிப்பார்கள். கோப்பை கைக்குத் திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது, திங்கட்கிழமை அதைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஒரு வருஷம் ஒருத்தி தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். அந்த இரண்டு குடும்பமும் வெகு காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வராதவள்தான் சொன்னதை மனசாரச் சொன்னவள் என்று ஆகிவிடும்.

இதெல்லாம் யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்னாலேயே இது தெரியும்.

4

மே மாதம் ஒரு சனிக்கிழமை. எதிரணியில் முதலில் ஆட வந்த பிள்ளையின் பெயர் ஹன்னா. நிரோ வயதுதான், நல்ல உயரம். நிரோ போட்ட ஒரே ஓவரில் மூன்று பந்தை எல்லைக்கு அனுப்பினாள். மூன்றாவதை அடித்துவிட்டு மறுமுனையில் நின்ற சிநேகிதியைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கென்ன, நன்றாக அடித்தால் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். ஆனால் நிரோவின் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

“நிரோ! ப்ரேக் ஹர் ஹெட்! ஃபினிஷ் ஹர்!”

அந்த மைதானத்தில் அன்றைக்குக் காற்று கூட இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த பந்து பாதியில் குத்தி எழும்பியது. ஹன்னா முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினாள். பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை கையுறையை உதறிவிட்டு அப்படியே முழங்காலில் விழுந்து அலறினாள். அவள் தாய் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு என்று பிறகு தெரிந்தது. ஹன்னாவும் அதே ஜூலைத் தேர்வுக்குப் போகவிருந்த பிள்ளையாம்.

எல்லோரும் பந்து போட்டவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நிரோ ஆடுகளத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். ஹன்னாவிடம் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

காரில் சொன்னேன்: “விடு நிரோ, வெளாட்டுல இதெல்லாம் நடக்கிறதுதான். நீ என்ன வேணும்னா செஞ்ச?”

அவள் மேற்சட்டையின் தலைமூடியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

5

புதன்கிழமை கிளப்பிலிருந்து மின்னஞ்சல். பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பான ஒரு அம்மா எழுதியிருந்தார். ஐந்து பக்கம். இந்த நாட்டுக் கடிதங்களை வாசித்திருக்கிறீர்களா? முதல் வரியில் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். இரண்டாவது பக்கத்தில் கழுத்தில் கயிறு விழும். விசாரணை முடியும் வரைக்கும் நான் மைதானத்துக்கு வரக்கூடாது, நிரோ விளையாடக்கூடாது, ஹன்னாவின் குடும்பத்தாரோடு எந்த விதமான தொடர்பும் வைக்கக்கூடாது. கூடவே பதினொரு பக்கப் படிவம். அதில் என் இனம் என்ன, முதல் மொழி என்ன, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்கு அதில் இடம் இல்லை.

அந்தக் கடிதத்தை நான் முழுதாக வாசித்தேன். வாசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. தொடர்பு கூடாது என்றால் போன் எடுத்துத் தொல்லை பண்ணக்கூடாது, வழி மறித்துச் சண்டை போடக்கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. அவர்களைத் தேடிப் போய் நின்று அவர்கள் வாயால் நாலு ஏச்சு வாங்குவதையும் அதில் சேர்ப்பார்கள் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. போகாமல் இருந்தால் அல்லவா தப்பு? நான் கத்தினேன், அந்தப் பிள்ளைக்கு எலும்பு வெடித்திருக்கிறது, நாலு நாளாகியும் நான் போகவில்லை. அப்படியானால் நான் மனசாரச் சொன்னதாகத்தானே அர்த்தம்? கடிதம் வருவதற்கு முன்பே அந்த நினைப்பில் மூன்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து பருப்பு வடை சுட்டேன். பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினேன். காரில் பிள்ளைகளை ஏற்றி இறக்க என்று எல்லா அணிகளுக்கும் போட்ட பட்டியலில் அவர்கள் வீட்டு முகவரி இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தது ஹன்னாவின் தகப்பன். நான் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

“என்னைத் திட்டுங்கள், அதற்குத்தான் வந்தேன்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பிளாஸ்கைத் திறந்து கோப்பையில் ஊற்றவும் ஆரம்பித்தேன்.

அவர் திட்டவில்லை. முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். இப்போது போய்விடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு கதவு மூடியது, உள்ளே சங்கிலி போடும் சத்தம் கேட்டது. ஊற்றிய தேத்தண்ணியை என்ன செய்வது என்று தெரியாமல் நானே குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை இரண்டாவது கடிதம். அதோடு அவர்கள் கதவு மணியில் இருக்கும் கேமரா எடுத்த படம். வேலைக் கோட்டு, ஒரு கையில் வடைப் பெட்டி, மறு கையில் கோப்பையை நீட்டிக்கொண்டு நான். என் கல்யாணத்தில் கூட யாரும் என்னை அவ்வளவு தெளிவாகப் படம் எடுத்ததில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தை வீடு தேடிச் சென்று அச்சுறுத்தியதாகக் கருத இடம் உண்டு என்று கீழே எழுதியிருந்தது.

வடை கொண்டுபோய் அச்சுறுத்தினேனாம்! நான் குசினியில் நின்று அழுதேன். கோபத்தில்தான்.

6

ஜூனில் விசாரணை. மூன்று பேர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நான், நிரோ, ஸ்பீக்கர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், பாவம், நல்ல மனுஷன். நான் லயத்தைப் பற்றிச் சொல்ல, “அக்கா, லயம் எண்டால் என்ன? சங்கீதமோ?” என்று கேட்டார். அதோடு நானே இங்கிலீஷில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் தயாராகித்தான் போயிருந்தேன், அந்த மூன்று பேரிடமும் கேட்டேன். உங்கள் டிவியில் கடைசி ஓவர்களுக்கு என்ன பெயர்? சாவு ஓவர்கள். நன்றாக அடித்தால் என்ன சொல்கிறீர்கள்? படுகொலை. பயிற்சியாளர் பிள்ளைகளிடம் உங்களுக்குக் கொலைகார உணர்வு வேண்டும் என்று சொன்னதை நானே கேட்டேன். எங்கள் தமிழ்ப் பேப்பரும் அப்படித்தான், துவம்சம் செய்தார்கள், வதம் செய்தார்கள், ஊதித் தள்ளினார்கள் என்றுதான் எழுதும். யாரும் அதற்காகப் பத்திரிகைக்காரரைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டவர் மைக்கில் சொன்னால் வர்ணனை, நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று சொன்னால் மிரட்டலா?

நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அது வேறு, இது ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றிச் சொன்னது என்றார். சொன்ன உடனேயே அந்தப் பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது என்றார்.

“என் மகளுக்குத் தெரியும், இது சும்மா வார்த்தை. ஷீ நோஸ்” என்றேன். அவர்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். திரும்பவும் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். பக்கத்தில் நிரோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இங்கிலீஷைக் கேட்டு வெட்கப்படுகிறாள் என்று எனக்கு அவள் மேலும் ஒரு எரிச்சல்.

தீர்ப்பு வந்தது. எனக்கு இந்தப் பருவம் முழுக்க மைதானத்துக்குத் தடை. நிரோ விளையாடலாம், ஆனால் இந்த வருஷத் தேர்வுக்கு அவள் பெயரைக் கிளப் கொடுக்காது. மேல்முறையீடு செய்யலாம், செப்டம்பரில் கேட்பார்கள். வென்றால் அடுத்த வருஷத் தேர்வுக்கு அவள் பதிவில் கறை இருக்காது. தோற்றால் இருக்கும்.

7

ஆகஸ்டில் ஊருக்கு வருவது முன்பே முடிவானது. நிரோவுக்கு வர மனமில்லை. தடை விலகியும் அவள் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை, முட்டி வலி என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அதில் ஒரு திட்டம் இருந்தது. நம் கிரவுண்டில் பெண்கள் கத்துவதையும், பிறகு சாயம் ஊற்றிக் கொடுப்பதையும் போனில் படம் எடுத்து அந்த மூன்று பேருக்கும் காட்டப்போகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் எங்கள் வழக்கம் என்று மேசையில் வைக்கப்போகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். தூறிக்கொண்டே இருந்தது. இப்போது பெண் பிள்ளைகளுக்கும் ஆறு ஓவர் மேட்ச் வைக்கிறார்களே, நல்ல விஷயம். அண்ணன் பெருமை தாங்காமல், “இங்கிலாந்துல பந்து போடுற புள்ள, ஒரு ஓவர் பாருங்க” என்று நிரோவைக் கீழ் டிவிசனுக்காக இறக்கிவிட்டார். மேல் டிவிசனுக்கு ஆடியது ஒரு ஒல்லிப் பிள்ளை, காலில் பள்ளிக்கூடச் சப்பாத்து, தலையில் தொப்பி கூட இல்லை. டென்னிஸ் பந்துதானே.

நான் மேட்டில் ஏறி போனைப் பிடித்துக்கொண்டேன். புஷ்பம் மதினியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், “மதினி, இன்னைக்கு நல்லாக் கத்தணும்.”

“ஏன்டி, அத சொல்லித்தான் நான் கத்தணுமா?” என்று கேட்டுவிட்டு, கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். “நிரோ! மண்டையப் பொளந்துட்டு வாடி! தொலச்சுக் கட்டு அவள!”

எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். என் போனில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நானும் கத்துவது அதில் கேட்கிறது.

நிரோ ஓடி வந்தாள். கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். அந்த ஒல்லிப் பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடுவரின் கையில் பந்தை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மடுவத்துப் பக்கம் நடந்து போனாள்.

நீங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

8

நான் பின்னாலேயே ஓடினேன். மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. தராசுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம்.

“என்னடி இது? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, மானம் போச்சு! அவங்க சும்மா கத்துறாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? இப்ப பாரு, கொஞ்ச நேரத்துல மதினியே போயி அந்தப் புள்ளைக்குச் சாயம் ஊத்திக் குடுக்கப் போறா!”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“என்ன?”

“சாயம் குடுக்கிறது. நீங்க ஹன்னா வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் அத எனக்குச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் சொல்லல. கத்துறது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

“அதுக்காக...”

“அம்மா, நான் ஸ்டம்பப் பாக்கவே இல்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அழவில்லை, நிதானமாகச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் பாதியில் நின்றது, இங்கிலீஷில் தொடர்ந்தாள், திரும்பத் தமிழுக்கு வந்தாள்.

“அவ சிரிச்சா. எனக்குக் கோவமா வந்துச்சு. நீங்க கத்தினீங்க. சரின்னு நெனச்சேன். அவ முகத்தப் பாத்துத்தான் போட்டேன். கை குறுக்க வந்துச்சு, இல்லாட்டி முகத்துலதான் பட்டிருக்கும். அங்க எல்லார் முன்னாலயும் நீங்க சொன்னீங்க, ஷீ நோஸ்னு. மூணு தரம் சொன்னீங்க. நான் என்ன சொல்றது?”

வெளியே யாரோ அவுட் ஆனார்கள் போல, மேட்டில் ஒரே கூச்சல்.

உலகத்தில் எல்லோரிடமும் நான் வாதாடினேன், இதை யாரும் மெய்யாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று. எடுத்துக்கொண்டது நான் பெற்ற பிள்ளை. என்னோடு கார் ஏறி, என்னோடு கார் இறங்கி, என் வாயையே பார்த்து வளர்ந்த பிள்ளை.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாதியை எழுதாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள், அதனால் சொல்கிறேன். நான் அவளைக் கட்டிப் பிடிக்கவில்லை. அந்த ஹன்னாவின் கையை நினைக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

“இத யாருகிட்டயும் சொல்லிறாத. கேட்டியா? அப்பாகிட்டக் கூடச் சொல்லாத. அப்பீல்ல நாம ஜெயிச்சிருவோம்.”

நிரோ என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க சொன்னா சொல்ல மாட்டேன்மா,” என்றாள். “நீங்க சொன்னா நான் செஞ்சிருவேன். எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

நான் வாயடைத்துப் போனேன். இந்த மலையில் பிறந்து, இந்தத் தொண்டையோடு வளர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவை.

இங்கே திரும்பி வந்த மறுநாள் காலை மேல்முறையீட்டை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போனது. நடந்தது நடந்தபடி நிரோவே எழுதினாள். என்ன எழுதப்போகிறாள், எப்படி எழுத வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயது குறைந்தவள் என்பதால் தாய் ஒப்பமிட வேண்டுமாம். மேசையில் வைத்தாள். வாசித்தேன். அடுத்த வருஷத் தேர்வும் போயிற்று என்று தெரிந்தது. ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.